வேர் கழுவிய தண்ணீர்

இந்த வால்வுக்கு எண் பதினேழு.
திறந்தால் நாற்பது ஏக்கர் பேரீச்சை குடிக்கும்.
மூடினால் யார் தாகமாய் இருப்பார்கள் என்று
கையேட்டில் ஒரு வரியும் இல்லை.

அல் அஹ்ஸாவில் தண்ணீருக்குப் பல பிறவி.
நகரம் குளித்துக் கழித்ததை
ஆலை தெளியவைத்து அனுப்பும்.
மரம் குடிக்கும்.
மரம் வேண்டாமென்று விட்டது
உப்பைத் தூக்கிக்கொண்டு வடிகாலில் இறங்கி
கிழக்கே மணல்மேடுகளுக்கு நடுவே
மஞ்சள் ஏரியாகப் படுத்துக்கொள்ளும்.

கசிந்த மடை, மறந்த மோட்டார்,
வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனவன்
அடைக்காமல் விட்ட வாய்க்கால்,
எங்கள் கைத்தவறெல்லாம் அங்கே கூடி
நாணல் ஆனது.
நாணலுக்குள் முட்டை ஆனது.

போன வருடம் சொட்டுநீர்க் குழாய் வந்தது.
பூட்டியவன் நான்தான்.
அபூ ஜவாத் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துத்
தோளில் தட்டினார்.
சம்பளத்தில் ஐம்பது ரியால் கூடியது.
வடிகாலைக் குறுக்கே கடந்தது ஒரு பூனை,
கால் நனையாமல்.

ஹனூஃப் மாதம் ஒருமுறை வருவாள்.
தொலைநோக்கி, குறிப்பேடு,
பின்சீட்டில் சேறு காய்ந்த பூட்ஸ்.
நாமக்கோழி எண்ணூறு என்றது பழைய பக்கம்.
புதிய பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.
"மீதி?" என்றேன்.
"வந்தன. சுற்றின. இறங்கவில்லை."
குழாயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

எனக்கு இது புதிதல்ல.
பேராவூரணிக்குக் கிழக்கே நான் கடைமடைக்காரன்.
தலைமடையில் கை இறுகினால்
எங்கள் வயலில் என்ன விளையும் என்று தெரியும்:
மனு.
நாமக்கோழிக்கு மனு எழுத வராது.
இகாமா இல்லை, கஃபீல் இல்லை.
மூவாயிரம் மைல் பறந்துவந்து
வால்வு பதினேழின் கடைமடையில் நிற்கிறது.
இந்தமுறை தலைமடையில் நான்,
கையில் ஸ்பானர்.

பறவைப் பக்கமே பேசினால் பொய்யாகிவிடும்.
அபூ ஜவாதின் செந்நெல் பாத்தியில்
(ஆமாம், நெல்தான், இந்த வெயிலில்)
நாற்றை மிதித்ததும் குருத்தைக் கிள்ளியதும்
தாழைக்கோழிகள்.
மொஃபிஜுல் இரவெல்லாம் தகர டின் தட்டி
பகலில் நின்றபடி தூங்கினான்.
"இரண்டு மூட்டை போச்சு, யார் கணக்கில்?"
அபூ ஜவாத் கேட்டது நியாயம்.
ஹனூஃப் குறிப்பேட்டை மூடிவிட்டாள்.

ஐப்பசி வாக்கில் மரத்தடியில் வெள்ளை பூத்தது.
சொட்டுவான்களைச் சுற்றி வட்டம் வட்டமாய்,
வேதாரண்யம் உப்பளத்தில் பார்த்த அதே வெள்ளை.
கீழ்மட்டைகள் நுனி கருகின.
கிள்ளிக் கிள்ளிக் கொடுத்த தண்ணீர்
உப்பை வேரடியிலேயே உட்காரவைத்துவிட்டது.
குடித்தால் மட்டும் போதாது மரத்துக்கு,
வாய் கொப்பளிக்கவும் வேண்டும்.

"குளிர்காலத்தில் நாலு இரவு, முழுத் திறப்பு" என்றேன்.
"வீணாகப் போகுமே."
"வீணாகாது. கிழக்கே போகும்."
குனிந்து, உப்பை விரலில் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
மூன்று இரவு என்றார்.
பேரம் பேசாமல் இந்த ஊரில்
தக்காளிகூட வாங்க முடியாது.

நேற்று முதல் இரவு.
வடிகாலில் காய்ந்த தோகைகளையும்
யாருடையதோ ஒற்றைச் செருப்பையும்
தள்ளிக்கொண்டு போயிற்று தண்ணீர்.
ஏரிவரை சேருமா,
வழியிலேயே மணல் குடித்துவிடுமா, தெரியாது.
டார்ச்சோடு கரையில் கூடவே நடந்தேன்.
இரண்டாவது வளைவில் அது என்னை முந்திவிட்டது.

பதிவேட்டில் நேரம், அளவு, காரணம்.
மொஃபிஜுல் எழுத்துக்கூட்ட
அரபியில் எழுதினேன்: உப்புக் கழுவல்.
பயனாளி என்று ஒரு கட்டம்.
பேரீச்சை, நாற்பது ஏக்கர்.
மிச்சமிருந்த இடத்தில் தமிழில், சின்னதாக,
கடைமடை.

ஆடிட்டர் கேட்டால்
என் கையெழுத்து என்று சொல்லிக்கொள்ளலாம்.